வாயில் வைக்காமல் சமைத்த விருந்து

ரயில் பண்டாரவளை வரை வந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம். நான் ஹல்துமுல்லையில், வண்டிப் பாதையோரம் ஐந்தே அறைகள் கொண்ட ஒரு சின்ன விடுதியில் அப்புவாக இருந்தேன். அப்பு என்றால் எங்கள் பக்கத்தில் துரைமாருக்குச் சமைக்கிறவன். அதிலும் நான் சாதாரண அப்பு இல்லை. பதுளையிலிருந்து அப்புத்தளை வரைக்கும் என் சூப்புக்கும் ரோஸ்டுக்கும் பெயர் இருந்தது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் என் மூக்கு உடைபடப் போகிறது, அதனால் முதலில் நாலு வார்த்தை பெருமை பேசிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

நான் பிறந்தது நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில். பங்களாக் குசினியில் அடுப்புப் பற்றவைக்கப் போனவன், பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தேன். மாட்டுக்கறியில் மட்டும் பத்து விதம் செய்வேன். ஆனால் அதில் ஒரு துண்டுகூட என் வாயில் பட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் மாட்டுக்கறி சாப்பிட மாட்டார்கள். போதாக்குறைக்கு, சாமிக்குப் பொங்கல் வைக்கும்போது ருசி பார்த்தால் எச்சில் ஆகிவிடும் என்பது எங்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தை நான் துரைமார் குசினிக்கும் கொண்டு வந்துவிட்டேன். மாட்டுக்கறி என்ன, கோழிக்கறி என்ன, எதையுமே சமைக்கும்போது நாக்கில் வைக்க மாட்டேன். வாசனை பார்ப்பேன், நிறம் பார்ப்பேன், கொதிக்கிற சத்தத்தைக் கேட்பேன். உப்பை என் கை பார்த்துக்கொள்ளும். பதினான்கு வருஷமாக அந்தக் கை ஒரு நாளும் தப்பியதில்லை. அதனால் என் குசினியில் வேறு யாரும் கரண்டியை நக்கக் கூடாது என்று சட்டமே போட்டிருந்தேன்.

விடுதி ஒரு வயதான பரங்கி விதவை அம்மாளுடையது. ரயில் வருவதற்கு முன்னால், மேலே பதுளைக்குப் போகிற வண்டிகளெல்லாம் எங்கள் வாசலில்தான் மாடு அவிழ்க்கும். மத்தியானம் ஒரு பந்தி, ராத்திரி ஒரு பந்தி என்று எனக்கு நிற்க நேரம் இருக்காது. ரயில் வந்த பிறகு எல்லோரும் அப்புத்தளை வழியாகப் போய்விட்டார்கள். சில வாரம் ஓர் ஆள்கூடத் தங்க வராமல், நான் எனக்கும் அம்மாளுக்குமாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்கிற சமையற்காரனைப் போல எரிச்சல் பிடித்த ஆள் உலகத்தில் வேறு யாரும் கிடையாது.

அப்போது அம்மாள் ஒரு யோசனை பண்ணினார். சுற்றுவட்டாரத் தோட்டத்துத் துரைமாரையும் துரைசாணிமாரையும் அழைத்து மாதத்துக்கு ஒரு பெரிய விருந்து. சீமையில் நடக்கிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பதார்த்தம், மேசையில் வெள்ளை விரிப்பு, ஒவ்வொருவர் முன்னாலும் பட்டியல் எழுதிய அட்டை. முதல் விருந்துக்குப் பன்னிரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அப்பு, இது அவங்களுக்குப் பிடிச்சா மாசாமாசம் வருவாங்க. பிடிக்காட்டி நான் கதவப் பூட்டிட்டுக் கொழும்புக்கு மககிட்டப் போயிருவேன்" என்றார் அம்மாள்.

அம்மாளுக்குக் கொழும்பு இருந்தது. எனக்கு? குசினிக்குப் பின்னால் ஓர் அறையில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். விடுதி மூடினால் நாங்கள் திரும்பவும் லயத்துக்குத்தான் போக வேண்டும், விடியற்காலை ஆள் எண்ணுகிற பெரட்டில் போய்க் கங்காணி முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஆனாலும் நான் பயப்படவில்லை. நிம்மதியாக இருங்கள் அம்மா, துரைமார் தட்டை வழித்துச் சாப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விருந்துக்கு நடுநாயகமாக இருக்கப்போவது மாட்டுக்கறி ரோஸ்ட். பெரிய தொடைக்கறியை முழுசாகச் சுட்டு மேசைக்குக் கொண்டுபோக, மூத்த துரை தன் கையாலேயே கத்தி பிடித்து அறுத்துப் பரிமாறுவார். அவ்வளவு பெரிய துண்டு எங்கள் ஊரில் கிடைக்காது. பண்டாரவளையில் இறைச்சிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் சொல்லி வைத்திருந்தேன். விருந்தன்று காலையில் மாட்டுவண்டி வந்தது. வாழை இலையில் சுற்றி, சாக்கில் கட்டி, தொடைக்கறியும் சூப்புக்கு எலும்பும் காற்கறியும்.

வண்டிக்காரர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "அப்பு, கறியப் பத்தி நானா ஒண்ணு சொல்லச் சொன்னாரு" என்று ஆரம்பித்தார்.

எனக்குச் சுரீரென்று வந்தது. கறியைப் பற்றி எனக்குச் சொல்லித்தர ஒரு வண்டிக்காரரா? "கறியப் பத்தி எனக்கே பாடமா? வண்டியத் திருப்பிக்கிட்டுப் போங்க, எனக்கு வேலை கெடக்கு" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சரி, உங்க பாடு என்பது மாதிரி தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

இலையைப் பிரித்தபோது கறி நசநசவென்று ஈரமாக இருந்தது. வழியில் மழை பெய்திருக்கும் என்று நினைத்து ஒரு தடவை கழுவி வைத்தேன். எலும்பையும் காற்கறியையும் பெரிய பானையில் போட்டு, வழக்கம்போல என் கையளவு உப்பும் போட்டு, பதினொரு மணிக்கெல்லாம் சூப்பை ஏற்றிவிட்டேன். மத்தியானத்துக்குள் குசினியே மணத்தது. கோழிக்கறியும் ஆயிற்று, புடிங்கும் ஆயிற்று. தொடைக்கறியைப் போறணை அடுப்பில் சுட வைப்பது மட்டும்தான் பாக்கி.

விருந்துக்காகப் பாத்திரம் கழுவவும் மசாலை அரைக்கவும் ஒரு பெண்ணை வைத்திருந்தோம். கீழ்த் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவள், முப்பது வயது இருக்கும். வேதக்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். அதிகம் பேசமாட்டாள். நாலு மணி சுமாருக்கு நான் விறகு எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறேன், அவள் சூப்புக் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் விறகைக் கீழே போட்டுவிட்டுக் கத்தின கத்தலில் அம்மாள் சாப்பாட்டு அறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். அந்தப் பெண் அசையவில்லை. கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, "ஏசுறத அப்பறமா ஏசுங்கண்ணே. சூப்பு உப்புக் கரிக்குது. வாயில வெக்க முடியல" என்றாள்.

என் உப்பில் குறை சொல்கிறாள், அதுவும் வந்து மூன்று நாள் ஆனவள். பொறாமை, திமிர், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொய் சொல்லி எனக்கு என்னண்ணே ஆவப்போவுது? நீங்களே பாருங்க" என்று கரண்டியில் சூப்பை எடுத்து நீட்டினாள்.

நான் எப்படிப் பார்ப்பேன்? கரண்டி என் உதட்டருகே வந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தச் சூப்பை அப்படியே அடுப்பின் மேலிருந்த சூடான இரும்பு மூடியில் ஊற்றினேன். மாட்டெலும்புச் சூப்பு சுண்டினால் பழுப்பாகத்தான் படியும். அன்றைக்கு ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அத்தனையும் உப்பு.

அப்போதுதான் வண்டிக்காரர் சொல்ல வந்தது என்னவாக இருக்கும் என்று புரிந்தது. பண்டாரவளையிலிருந்து ராத்திரி முழுக்க வண்டியில் வருகிற கறி கெட்டுப்போகாமல் இருக்க நானா உப்பைத் தேய்த்துக் கட்டியிருக்கிறார். கூடவே, நன்றாக ஊறவைத்துச் சமைக்கச் சொல்லியும் அனுப்பியிருக்கிறார். நான்தான் அந்த மனிதரைப் பேசவிடவில்லை. உப்பெல்லாம் உருகிக் கறிக்குள் இறங்கிவிட்டது, அதன்மேல் என் கையளவு வேறு. உப்புக்கு வாசனை கிடையாதே, என் மூக்கு அதை எப்படிக் கண்டுபிடிக்கும்? மூன்றரை மணி நேரத்தில் பன்னிரண்டு பேர் வந்து உட்காருவார்கள். வேறு கறிக்கு வழியில்லை.

அந்தப் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். "கருவாடு உப்பா இருந்தா நாம என்னண்ணே செய்வோம்? அரிசி களுவுன தண்ணியில ஊறப்போடுவோம்ல? அதையே இதுக்கும் செஞ்சா என்ன?"

எனக்கும் லயத்தில் கருவாடு தின்று வளர்ந்த உடம்புதான். ஆனால் துரைமார் கறிக்கு அது தோன்றவே இல்லை. இதில் ஒரு சிக்கல். அவ்வளவு பெரிய துண்டை முழுசாக ஊறவைத்தால் விடிந்தாலும் உள்ளேயிருக்கிற உப்பு இறங்காது. துண்டு போட்டால் ரோஸ்ட் கிடையாது. மூத்த துரை கத்தியைப் பிடித்து அறுக்க மேசையில் ஒன்றும் இருக்காது. அட்டையில் வேறு ரோஸ்ட் என்று எழுதி மேசையில் வைத்தாகிவிட்டது. அம்மாளைப் பார்த்தேன், அவர் சரி என்று தலையை ஆட்டினார். கத்தியை எடுத்துப் பத்துப் பன்னிரண்டு துண்டாகப் போட்டேன்.

வீட்டில் இருந்த அரிசியையெல்லாம் கழுவினோம். மூன்று தண்ணீர் மாற்றினோம். பிறகு ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, வெங்காயம், மிளகு, கொஞ்சம் வினாகிரி, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டுச் சின்னத் தணலில் வேகவைத்தோம். உப்பு ஒரு கல் போடவில்லை. சூப்பில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைக் கொட்டிவிட்டுக் கேரட்டும் லீக்சும் கோழி எலும்பும் போட்டுப் புதிதாக வைத்தேன். அதில் உப்புக்குப் பதிலாகப் பழைய சூப்பு இரண்டு கரண்டி விட்டால் போதும் என்று சொன்னதும் அவள்தான். பதினான்கு வருஷம் யாரையும் கேட்காதவன், அன்றைக்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போதுமா? இன்னும் கொஞ்சம் புளிப்பு வேணும்ணே. இப்போ? இப்ப சரி. மாறிமாறி இதே பேச்சுத்தான்.

ஏழரை மணிக்கு விருந்து ஆரம்பித்தது. சூப்புத் தட்டுகள் காலியாகத் திரும்பி வந்தன. அடுத்து அந்தக் கறி போயிற்று. பிறகு மூத்த துரை என்னைக் கூப்பிடுவதாக அம்மாள் வந்து சொன்னார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போய் நின்றேன். தோட்டத்துத் துரைமாருக்கு நம்மைவிட நன்றாகத் தமிழில் ஏசத் தெரியும்.

"அப்பு, அட்டையில ரோஸ்ட்னு இருக்கு. இது என்ன?" என்றார்.

"புதுசுங்க தொரை. நானே யோசிச்சுப் பண்ணுனது" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இருபது வருஷமா இந்த மலையில இருக்கேன். இப்படி ஒரு கறி சாப்பிட்டதில்ல" என்றார் துரை. எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நான் குனிந்து சலாம் போட்டுவிட்டுத் திரும்பினேன். குசினிக் கதவோரம் அந்தப் பெண் அடுத்த தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. முகத்தில் ஒரு கோபமும் இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாள், நாங்கள் தப்பித்துவிட்டோம் என்கிற சந்தோஷத்தில். அவள் என்னை முறைத்திருந்தால்கூட நான் பேசாமல் உள்ளே போயிருப்பேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

திரும்பிப் போய் துரை முன்னால் நின்றேன். "தொரை, நான் சொன்னது பொய்ங்க. மாட்டுக்கறிய நான் வாயில வெக்கிறதில்ல. இது எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாது. இந்தப் பொம்பளையத்தான் நீங்க கேக்கணும்" என்றேன். அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். லயத்துப் பெண் ஒருத்தி அந்த விரிப்பு மேசைக்கு முன்னால் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. என்ன நடந்தது என்று துரை கேட்டார். அவளுக்கு நீட்டி முழக்கத் தெரியாது.

"கறி உப்பாப் போச்சுங்க தொரை. கருவாட்டுக்குச் செய்யறதச் செஞ்சோம். அண்ணன் ஆக்குனாரு, நான் ருசி பாத்தேன்."

துரை எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த துரைசாணிமாருக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. ஒரு துரைசாணி அவளிடம் இன்னும் கொஞ்சம் கறி கேட்டு வாங்கினார். துரை பென்சிலை எடுத்து அட்டையில் ரோஸ்ட் என்பதை அடித்துவிட்டு, அடுத்த மாதமும் இதுதான் வேண்டும் என்று அம்மாளிடம் சொன்னார்.

சொன்னபடி அடுத்த மாதமும் வந்தார்கள், அதற்கடுத்த மாதமும் வந்தார்கள். நாங்கள் லயத்துக்குத் திரும்பவில்லை. பாத்திரம் கழுவ வேறு ஆள் வைத்துக்கொண்டோம். அவள் ஒன்பது வருஷம் என் பக்கத்தில் நின்றாள். நான் ஆக்குவேன், அவள் சொல்லுவாள். என் பெயர் முன்னைவிட இரண்டு மடங்கு பரவியது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை.

கறியில் உப்பு ஏறியதற்கு நான் என்னை எப்போதோ மன்னித்துக்கொண்டுவிட்டேன், தொழிலில் அது நடக்கிறதுதான். ஆனால் வண்டிக்காரரையும் அவளையும் பேசவிடாமல் ஏசிவிட்டு, கடைசியில் அவள் காது கேட்க நானே பண்ணினது என்று சொன்னேனே, அதற்கும் அவள் சிரித்தாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் யார் பேச வாயெடுத்தாலும் கையிலிருக்கிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டுக்கொள்கிறேன்.