சிவந்தால் திருப்பிக் கொடுக்கவும்

செய்தி வந்தபோது காலை பதினொன்றே கால். சிதம்பரம் மின்வாரிய அலுவலகத்தில் என் மேசையில் இருந்தேன். கடலூரிலிருந்து பவானி பேசினாள். செம்பியன் வேலை பார்த்த கிரீம் கம்பெனியில் கலவைக் கொப்பரையைப் பார்த்துக்கொள்கிற பெண்.

“அண்ணா, சார் கீழ விழுந்துட்டாரு. கண்ணத் தொறக்க மாட்டேங்குறாரு. ஆட்டோவுல ஏத்திட்டோம்.”

பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை அழுகை மட்டும் கேட்டது. நெஞ்சடைப்பு. செம்பியனுக்கு நாற்பத்திரண்டு வயது. என்னோடு கல்லூரியில் வேதியியல் படித்தவன், என் தங்கை மாலதியைக் கட்டியவன்.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவனைச் ‘சிவப்பழகு கிரீம் செய்யறவரு’ என்று சொல்லிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தவரை அவன் மறுத்துவந்த பேச்சு அது. இப்போது மறுக்க ஆள் இல்லை என்பதால் தாராளமாகச் சொன்னார்கள். பந்தலில் நாற்காலி போட்டு, காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்கள்.

அவன் செய்தது மங்குக்கான கிரீம். பிள்ளை பெற்ற பிறகு சில பெண்களுக்குக் கன்னத்தில் பழுப்பாகப் படருமே, அந்த மங்கு. மாலதிக்கு இரண்டாவது பிள்ளைக்குப் பின் வந்தது. ஒரு கலியாண வீட்டில் எங்கள் உறவுக்காரி ஒருத்தி, “இன்னாடி, மூஞ்சில சாம்பார் ஊத்திக்கினியா?” என்று பந்தியில் வைத்துக் கேட்டாள். மாலதி சிரித்துவிட்டுச் சாப்பிட்டாள். அதன் பிறகு எந்தக் கலியாணத்துக்கும் போகவில்லை.

செம்பியன் தேடிப் பிடித்த சரக்கின் பெயர் கோஜிக் அமிலம். வெந்த அரிசியில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, நொதிக்கவிட்டு, அதிலிருந்து பிரித்தெடுக்கும் வெள்ளைப் பொடி. தோலில் கருமை ஊறுவதைக் கொஞ்சம் தணிக்கும். அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லை அவன் விட்டுக்கொடுத்ததே இல்லை. கறுப்பாகப் பிறந்தவரை அது சிவப்பாக்காது; ஆக்குகிறேன் என்பவன் வேறு எதையோ கலக்கிறான் என்பான்.

மாலதி முதலில் முகத்தைச் சுளித்தாள். “பூசணம் புடிச்ச சோத்தையா பூசிக்கச் சொல்றீங்க?”

“புளிச்ச மாவுல தோசை சுட்டா மட்டும் நாலு திங்கற. அதுவும் அந்த ஜாதிதான்.”

“தோசைய நான் கன்னத்துல ஒட்டிக்கல.”

கம்பெனி முதலாளி சிங்காரம், ஊதுபத்தியிலும் முகப்பவுடரிலும் சம்பாதித்தவர். கடலூருக்கு வெளியே ஒரு கொட்டகை, இரண்டு கொப்பரை, நான்கு பெண்கள். செம்பியன் அங்கே கெமிஸ்ட். லைசென்சில் அவன் பெயர் இருந்தது. கிரீம் செய்யச் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும் என்று அவன் கேட்டபோது சிங்காரம், “நம்ம போர் தண்ணியில டீ போட்டுக் குடிக்கறோம், செத்தா போயிட்டோம்?” என்றார். அந்தப் போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் மறுநாள் அடியில் துரு படிந்திருக்கும்.

கோஜிக் அமிலத்துக்கு இரும்பு ஆகாது. கொஞ்சம் இரும்பு சேர்ந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு சிவந்துவிடும். அப்புறம் தோலில் அது செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்யாது. முதல் சரக்கு அப்படித்தான் ஆனது. வெள்ளையாக இறங்கிய கிரீம் ஒரு வாரத்தில் ரோஜா நிறமானது. கொட்டிவிடலாம் என்று செம்பியன் சொன்னான். சிங்காரம் ஒரு டப்பாவைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எதுக்குய்யா கொட்டணும்? கலரப் பாரு. குங்குமப்பூ.”

“குங்குமப்பூ இல்ல சார், துரு.”

“உனக்குத் துரு. வாங்கறவனுக்குக் குங்குமப்பூ.”

அடுத்த மாதம் டப்பாவின் மேல் குங்குமப்பூப் படம் வந்தது. வயிற்றுப் பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்று பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுக்கிற ஊர்கள் இவை. யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தை மாதத்தில் சிதம்பரம் ஃபேன்சி கடைகளில் சீர்வரிசைச் சாமான்களோடு அது போனது. மருந்து கெட்டதற்கான அடையாளத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கினார்கள். வெளிறிய டப்பாவை ஒதுக்கிவிட்டு, நன்றாகச் சிவந்ததாகக் கேட்டு வாங்கினார்கள்.

செம்பியன் பஸ்ஸில் என்னிடம் சொன்னான்: “மச்சான், ஜாஸ்தி செவந்தது எதுவோ அதுதான் ஜாஸ்தி போவுது. இதை நான் எந்தப் பொஸ்தகத்துல படிச்சேன்?”

வேலையை விட்டுவிடு என்றேன். விட்டால் லைசென்சில் வேறொருவன் பெயர் வரும், கிரீம் அப்படியேதான் இருக்கும் என்றான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். வெள்ளைக் கிரீம் வெள்ளையாகவே கடையில் நிற்க வேண்டும். மங்கு வந்த ஒருத்திக்காவது அது உபயோகப்பட வேண்டும்.

சிங்காரம் வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில், கேன் தண்ணீரைத் தானே சுத்திகரித்து, மிச்சமிருக்கும் இரும்பைக் கட்டிப்போடுகிற உப்பும் சேர்த்து ஒரு சிறிய சரக்கு செய்தான். அது சிவக்கவில்லை. மாலதி இரவு மட்டும் பூசினாள், பகலில் குடை பிடித்தாள். மூன்றாம் மாதம் கன்னத்தில் மங்கின் ஓரம் கரைந்திருந்தது. முழுதாகப் போகவில்லை. அவள் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்தாள். அவ்வளவுதான் அந்தக் கிரீமின் வெற்றி. அதற்கே அன்று அவன் வீட்டில் பாயசம்.

அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்துச் சிங்காரம் அரை மனதோடு ஒரு சரக்கை வெள்ளையாகக் கடைகளுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார். அத்தனையும் திரும்பி வந்தது. லால்பேட்டை ஹபிபுல்லா கடையிலிருந்துதான் அதிகம். அவர் கடையில் வாங்கி வளைகுடாவுக்குப் பெட்டியில் எடுத்துப்போகிறவர்கள் உண்டு. செம்பியனோடு நானும் போயிருந்தேன்.

“தம்பி, துபாய்லேர்ந்து போன் மேல போனு. பாய், டூப்ளிகேட்ட ஏன் ஏத்திவிட்டீங்கன்னு திட்டறாங்க. செவப்புதான் ஒரிஜினலாம்.”

“பாய், செவந்தது கெட்டுப்போனது. வெள்ளைதான் சரி.”

“இத நான் யார்கிட்ட சொல்றது? கெட்டுப்போனதையா ரெண்டு வருசமா எங்களுக்கு வித்தேன்னு என் சம்சாரமே கேப்பா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அவளும் அதைத்தான் பூசுறா. மங்கு அப்படியே இருக்குது. வெளிய சொல்லாதீங்க.”

செம்பியன் ஒரு வெள்ளை டப்பாவை அவர் கையில் வைத்தான். வீட்டில் மூன்று மாதம் பூசச் சொன்னான். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் லால்பேட்டையிலும் சிதம்பரத்துக் கடைகளிலும் நின்று இதையே பேசினான். சில கடைக்காரர்கள் அவனைக் கண்டதும் உள்ளே போய்விடுவார்கள். ஒருவர், “சொந்தக் கம்பெனி சரக்கையே கெட்டதுன்னு சொல்ற ஆள இப்பதான் பாக்கறேன்” என்று மற்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். மழைக்காலம் முழுக்க இப்படி அலைந்தான். மூச்சு வாங்குகிறது என்று மாலதியிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

மூன்று மாதம் கழித்து ஹபிபுல்லா தானே கூப்பிட்டார். “தம்பி, வீட்டுல கொறஞ்சிருக்குது. வெள்ளையே குடுங்க. என் கடையில நான் பேசிக்கறேன், இன்ஷா அல்லா.” அவர் எடுத்தால் மற்ற கடைகளும் எடுக்கும். சிங்காரம் சம்மதித்தார். குங்குமப்பூப் படத்தை எடுத்துவிட்டுச் செம்பியன் எழுதிக் கொடுத்த வாசகத்தை டப்பாவில் அச்சடித்தார்கள்: ‘சிவந்தால் திருப்பிக் கொடுக்கவும்.’ அந்தச் சரக்கைக் கொப்பரையில் ஏற்றிய காலையில்தான் அவன் விழுந்தான்.

கருமாதிக்கு முந்தின நாள் பவானி அவன் மூக்குக் கண்ணாடியையும் சாப்பாட்டுப் பையையும் கொண்டுவந்து கொடுத்தாள். மாலதி அவற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள்.

“அண்ணா, அந்தப் பொடிய கொப்பரை ஆறுன பொறவுதான் போடணும். சூட்டுல போட்டா வீணாப்பூடும்னு சார் சொல்வாரு. ஆறுறதுக்குள்ளதான் அவரு... மொதலாளிகிட்ட சொன்னேன், இன்னும் பொடி போடலன்னு. அது இல்லாமயே வெள்ளையாதான இருக்குது, பேக் பண்ணுன்னுட்டாரு. எல்லாம் கடைக்குப் போயிடுச்சு.”

சிங்காரத்துக்குப் போன் செய்தேன். அவர் பதறவில்லை.

“தம்பி, மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. மச்சான் பேருக்கு ஒரு கொறையும் வராது. இனிமே அது செவக்கவே செவக்காது.”

அவர் சொன்னது சரி. சிவப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. திருப்பிக் கொடுக்க யாருக்கும் காரணம் இருக்காது.

ஹபிபுல்லாவிடம் சொன்னேன். “போன வாரமே நாலு பேரு பெட்டியில வெச்சி ஏறிட்டாங்க தம்பி. நாந்தான் சொல்லிக் குடுத்தேன், வெள்ளைதான் ஒரிஜினல்னு. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு மறுபடியும் மாத்திச் சொல்வேன்?” கடையில் மிச்சமிருந்ததை எடுத்து வைத்துவிடுவதாகச் சொன்னார். வைத்தாரா என்று நான் கேட்கவில்லை. மற்ற கடைகளில் அது நன்றாகப் போகிறது. மங்கு வந்தவர்கள் மூன்று மாதம் பொறுமையாகப் பூசுவார்கள். குறையாவிட்டால் தங்கள் தோலைத்தான் திட்டிக்கொள்வார்கள்.

சிங்காரம் வேறொரு கெமிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பொடி இல்லாமலே விற்கிறது என்பதால் அவசரம் இல்லையாம்.

பவானி போகும்போது இன்னொன்றும் சொன்னாள். விழுந்த அன்று காலை செம்பியன் முன்னூறு கிராம் பொடியை நிறுத்து, கண்ணாடிக் குடுவையில் போட்டு, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி, தராசுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். கரைப்பதற்கான தண்ணீரையும் தனியாக அளந்து வைத்திருந்தான். இன்னும் ஊற்றவில்லை.