கன்னியம்மா வாங்கிய தோணி

மழை பொய்த்த அறுபத்தைந்தாம் வருஷம் பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, மீனும் வரவில்லை. ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் மணவாளன் தன் அண்ணன் லோகநாதனின் தோணியில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். மீன் இருந்த காலத்திலேயே பங்கைக் குறைத்துக் கொடுக்கிற அண்ணன், இப்போது வெறுங்கையோடு அனுப்பினான். மணவாளனுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. கூப்பிட்டால் போவான், இல்லாவிட்டால் படுத்துக்கொள்வான். வருத்தமெல்லாம் அவன் மனைவி கன்னியம்மாவுக்குத்தான். சொந்தமாக ஒரு தோணி இருந்தால் எவன் வாசலிலும் நிற்க வேண்டாம் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பஞ்ச காலத்தில் எவன் தோணி வாங்குவான் என்று அவன் சிரித்தான். பஞ்ச காலத்தில்தான் தோணி விலைக்கு வரும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்போது ஆந்திராவிலிருந்து அரிசி கொண்டுவரத் தடை. தடாவில் அரிசி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், அடுத்த ஸ்டேஷனிலேயே, ரேஷன் கடை வாசலில் அடிதடி. கன்னியம்மா பழைய மாவு மூட்டைத் துணியைக் கிழித்து, இடுப்பைச் சுற்றிக் கட்டும்படி அறை அறையாகத் தடுத்து ஒரு நீளப் பை தைத்தாள். தடாவில் அரிசி விற்ற கங்கம்மா அதை நிரப்பி இறுக்கிக் கட்டிவிடுவாள். மேலே புடவை. பாசஞ்சர் வண்டியில் பொன்னேரிக்குப் போய், வாடிக்கை வீடுகளின் கொல்லைப்புறத்தில் அவிழ்ப்பாள். வழியெல்லாம் உட்கார முடியாது. வியர்வையில் ஊறிய துணி தோலை அறுத்து, இடுப்பைச் சுற்றி ஆறாத புண் வந்தது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் வண்டி மெதுவாகிற இடத்தில் குதித்துவிடுவாள். ஒருமுறை ஜல்லியில் விழுந்து முன்பல் போயிற்று.

சம்பாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் மணவாளன் அண்ணனிடம் சொல்வான், அண்ணன் கைமாற்று என்று வாங்கிக்கொள்வான், திரும்பி வராது. கங்கம்மாவிடமே சேர்த்துவைத்தாள். "டப்பு எங்கிட்ட கீறது உன் புருசனுக்குக்கூடத் தெரியவேணாம்" என்று கங்கம்மாவும் சொல்லிவிட்டாள்.

மறுவருஷம் மார்கழியில் பொன்னேரி ஸ்டேஷனில் பிடிபட்டாள். தரை பெருக்குகிறவளை விட்டுப் பையை அவிழ்க்கச் சொன்னார்கள். வழக்கு எழுதிய அதிகாரியின் வீட்டுக்கு அவள் பல மாதமாக அரிசி கொடுத்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்குப் பச்சரிசி வேண்டும் என்று அவர் மனைவி போன வாரம்தான் சொல்லியிருந்தாள். அவர் நிமிராமல் எழுதினார். கன்னியம்மாவும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவருக்கு இரண்டு நாள் தலைகுனிவு, அவளுக்கு ஒரு வாடிக்கை வீடு போய்விடும். அன்றிரவு லாக்கப்பில் இருந்தாள். மறுநாள் கங்கம்மா வந்து அபராதம் கட்டி அழைத்துப்போனாள். அந்த அரிசி எந்த வீட்டு உலைக்குப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

பங்குனியில், காசிமேட்டுக்குக் குடிபோகிற ஒருவன் தன் தோணியை விற்றான். கன்னியம்மா விலை பேசி வாங்கினாள். பெண் பேரில் தோணி இருக்கும் வழக்கம் குப்பத்தில் இல்லை என்பதால் மணவாளன் பேரில் வாங்கினாள். அவன் பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். அவர்கள் வாழ்க்கையில் அவளுக்கு நினைத்துப் பார்க்க இருந்த நல்ல நாள் அதுதான்.

ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று குப்பத்துப் பஞ்சாயத்துதான் முறை வைக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பேர். பாடு கிடைக்காத தோணி வெறும் கட்டை. பஞ்சாயத்தில் லோகநாதன் வைத்ததுதான் சட்டம். கூலிக்கு இருந்த தம்பி சொந்தத் தோணிக்காரன் ஆனது அவனுக்குப் பொறுக்கவில்லை. அதை வெளியே சொல்லவும் முடியவில்லை. லாக்கப்பில் ராத்தங்கிய பெண் இருக்கிற வீட்டுக்குப் பாடு கொடுத்தால் ஏரித்தாய் கோபிப்பாள் என்று சொன்னான். வேண்டுமானால் அவள் கரைக்கு வராமல், மீனைத் தொடாமல் இருக்கட்டும், பாடு தருகிறோம் என்றான். பெண்களோடு பின்னால் நின்றிருந்த கன்னியம்மா, கணவன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். அண்ணன் சொல்கிறபடியே ஆகட்டும் என்றான் மணவாளன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "இன்னாய்யா, ஒரு வார்த்த பேசாம வந்துட்ட?"

"பேசினா பாடு தருவானுங்களா? கொஞ்ச நாளு ஊட்லயே இரு. அப்பால பாத்துக்கலாம்."

"தோணி யாரு வாங்கினது?"

"நீதான். யாரு இல்லன்னா? அது ஓடணும்னுதான சொல்றேன்."

அது ஓட வேண்டும் என்பதுதான் அவளுக்கும் ஆசை. அதனால் கரைப்பக்கம் போவதை நிறுத்தினாள்.

அடுத்த மழையில் முகத்துவாரம் திறந்தது. தோணி ஓடியது. அதில் வந்த மீனை லோகநாதனின் மனைவி ஜானகியம்மாள் எடுத்து ஆரம்பாக்கத்தில் விற்றாள். கொஞ்ச நாள் என்றது ஏழு வருஷமாயிற்று. மதராஸிலிருந்து இறால் வியாபாரிகள் ஐஸ் போட்ட லாரியோடு வரத் தொடங்கியபின் கையில் காசு புரண்டது. மணவாளன் அண்ணனோடு கூட்டாக இன்னொரு தோணி வாங்கினான், ஓட்டுவீடு கட்டினான். அவளை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஊரில் அவனுக்கு நல்லவன் என்றே பேர்.

எழுபத்துநாலில் ஒரு காலை கன்னியம்மா கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை, திட்டவில்லை. கரையில் நடந்துகொண்டிருந்த மீன் ஏலம் மட்டும் நின்றுவிட்டது. ஏலம் கூறியவன் வாயை மூடிக்கொண்டு ஏரியைப் பார்த்தான். பெண்கள் கூடையை இடுப்பில் வைத்தபடி, அவள் எப்போது போவாள் என்று காத்திருந்தார்கள். மணவாளன் தோணிக்குள் உட்கார்ந்து வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. வெயில் ஏற ஏற மீன் கெட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், மீன் வீணாகிறதே என்று அவளே திரும்பிவிட்டாள்.

மறுநாள் முதல் வண்டியில் கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். அங்கே முந்திரிக்காட்டை அழித்துத் தொழிற்சாலைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். கலவை சுமக்க ஆள் வேண்டும் என்றார் மேஸ்திரி வீரராகவன். அவள் கழுத்திலிருந்த தாலியைப் பார்த்து, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று விசாரித்தார்.

"தோணி வெச்சிக்கினு கீறாரு. ரெண்டு."

"அப்போ நீ இன்னாத்துக்கு இங்க வந்து சொமக்குற?"

அவள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் கொட்ட வேண்டும் என்று கேட்டாள்.

இரண்டு வருஷத்தில் அந்தத் தொழிற்சாலை திறந்தது. உள்ளே வேலைக்குப் பெண்களை எடுக்கவில்லை. கன்னியம்மா பக்கத்து மனைக்குப் போனாள். அங்கே அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.