பிரிஸ்கில்லாவின் கடைசிக் கம்ப்யூட்டர்

பிரிஸ்கில்லாவுக்குப் புதுசு என்றால் ஆகாது. புதுப் புடவை, புது மாங்காய் ஊறுகாய் இவற்றோடு அவளுக்குச் சண்டை இல்லை. ஆபீசில் யாராவது "புதுசா ஒண்ணு வருது" என்று ஆரம்பித்தால்தான் தோள்பட்டையில் வலி எடுத்துவிடும்.

ஆம்பூரில் ஷபீ அஹமது பாயின் தோல் தொழிற்சாலையில் அவள் ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்கிற கிளார்க். வீடு சத்துவாச்சாரியில். காலையில் பஸ் ஏறினால் பள்ளிகொண்டா வரை தூங்குவாள், அதற்குமேல் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். வேலைக்குச் சேர்ந்தபோது மேஜைமேல் இருந்தது டைப்ரைட்டர். டைப்பிங் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் முதல் தடவையிலேயே பாஸ் செய்த கை அவளுடையது. பிறகு எலக்ட்ரானிக் டைப்ரைட்டர் வந்தது. அது பழகுவதற்குள் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மினுக்குகிற கம்ப்யூட்டர் வந்தது. அதுவும் கைக்கு வந்தபோது மவுசோடு விண்டோஸ் வந்தது. விண்டோசும் சும்மா இருக்காமல் இரண்டு மூன்று தடவை முகத்தை மாற்றிக்கொண்டது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் டை கட்டிய ஒருவன் வந்து, "ரொம்ப ஈஸி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போவான். ஈஸி என்று சொன்ன எவனும் மறுநாள் அங்கே இருந்ததில்லை. முதலாளியிடம் அவள் ஒவ்வொரு தடவையும் "சரி பாய்" என்றுதான் சொன்னாள். இதுதான் கடைசி என்று மனசுக்குள் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டாள். கர்த்தர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஆனால் ஒன்றும் செய்யவில்லை.

2007ஆம் வருஷம் ஜெர்மனியிலிருந்து தோல் வாங்குகிற கம்பெனி ஒன்று, தொழிற்சாலையைப் பார்வையிட வருவதாகச் சொன்னது. கழிவுநீர், கழிப்பறை, தீயணைப்பு எல்லாம் பார்ப்பார்களாம். அதோடு ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் திருட்டு சாப்ட்வேரும் இருக்கக் கூடாதாம். ஆபீசில் இருந்த சாப்ட்வேர் அத்தனையும் லாங் பஜார் பக்கம் ஒரு கடையில் மொத்தமாகக் காப்பி போட்டுக் கொடுத்தவை. அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அப்துல் ஹமீது பாய்க்கு இது புரியவே இல்லை. "இத்தினி வருஷமா ஓடுது, இப்ப இன்னா திடீர்னு திருட்டு?" என்று கேட்டார்.

முதலாளியின் அக்கா மகன் நயீம் அகமது இன்ஜினியரிங் முடித்துவிட்டு மாமாவுக்கு உதவியாக வந்திருந்தான். அவன்தான் வழி சொன்னான்.

"மாமூ, விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுடலாம். ஃப்ரீ. வைரசும் வராது."

ஃப்ரீ என்ற சொல் முதலாளிக்கு இனித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டியிருந்தபோது நயீம் எல்லாக் கம்ப்யூட்டரையும் மாற்றிவிட்டான்.

திங்கட்கிழமை பிரிஸ்கில்லா சுவிட்சைப் போட்டாள். நீல வானமும் பச்சை மேடும் வரவேண்டிய இடத்தில் திரை முழுக்கப் பழுப்பாக வந்து நின்றது. கீழே இருந்த ஸ்டார்ட் பட்டனைக் காணவில்லை. பட்டியெல்லாம் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. வெறும் அலுப்பு.

"ரொம்ப ஈஸி ஆன்ட்டி," என்றான் நயீம்.

அவன் கழுத்தில் டை இல்லை. அந்த மட்டுக்கு முன்னேற்றம்.

நியாயமாகச் சொன்னால், மெயில் பார்ப்பதும் கடிதம் அடிப்பதும் இரண்டு நாளில் பழகிவிட்டது. வினை வேறு இடத்தில் இருந்தது. தோல் வெளிநாடு போக ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும், இந்தச் சரக்கு இந்தியாவில் செய்ததுதான் என்று சொல்கிற சர்ட்டிபிகேட். பச்சை நெளிகோடுகள் அச்சடித்த தாளில் கட்டம் கட்டமாக இருக்கும். சரக்கின் எடை எடைக்கான கட்டத்தில் விழவேண்டும், கப்பல் பெயர் கப்பலுக்கான கட்டத்தில். அடித்தல் திருத்தல் இருந்தால் தாள் செல்லாது.

டைப்ரைட்டரில் படித்த எல்லோரையும்போல பிரிஸ்கில்லாவும் இந்தக் கட்டங்களை ஸ்பேஸ் பாரால்தான் பிடித்து வைத்திருந்தாள். இத்தனை தட்டு தட்டினால் எடை, இன்னும் இத்தனை தட்டினால் கப்பல். அந்தக் கணக்கு மண்டையில் இல்லை, கட்டைவிரலில் இருந்தது. கம்ப்யூட்டர் வந்தபிறகும் அவள் அதை விடவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு வகைத் தோலுக்கும் அப்படித் தட்டித் தட்டி ஒரு மாதிரிப் படிவம் செய்து வைத்திருந்தாள். லினக்சில் எழுத்தின் அகலம் வேறு. அவள் மாதிரிகள் எல்லாம் திறந்தன, ஆனால் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட கூட்டம்போல ஆளுக்கொரு பக்கம் நின்றன.

நயீம் எட்டிப் பார்த்தான். "ஆன்ட்டி, இதெல்லாம் ஸ்பேஸ் பார்லயா தட்டுனீங்க? டேபிள் போடணும்."

"எங்க காலத்துல இதுதாம்ப்பா," என்றாள். முகம் சுண்டிவிட்டது. ஹையரில் அட்டவணை அடித்ததற்கு அவளுக்குக் கிடைத்த மதிப்பெண்ணை யாரிடம் போய்ச் சொல்வது.

அவசரத்தில் கண்ணளவில் சரிசெய்து ஒரு சர்ட்டிபிகேட்டை அடித்து அனுப்பினாள். சர்ட்டிபிகேட்டுக்கு சீல் வைக்கிற சென்னை ஆபீசிலிருந்து அது திரும்பி வந்தது. எடை போய்க் கப்பல் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போகாமல் தொழிற்சாலை வாசலிலேயே நின்றது. அவள் ஜன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்தது.

ஷபீ அஹமது பாய் கத்துகிற மனுஷர் இல்லை. அவள் மேஜைக்கே வந்து நின்று தணிந்த குரலில் சொன்னார்.

"பிரிஸ்கில்லாம்மா, உங்கமேல தப்பு சொல்லல. வயசாவுதுல்ல. டைம் ஆபீஸ்ல ஒரு சீட் காலியா இருக்கு. வேலை கம்மி. ஜெர்மன்காரங்க ஆடிட் முடியறவரைக்கும் பாருங்க, கஷ்டம்னா அங்க போய்டலாம்."

அவர் தயவாகத்தான் சொன்னார். ஆனால் தொழிலாளர் வருகை எழுதுகிற டைம் ஆபீஸ் கேட் பக்கம், பச்சைத் தோல் கிடங்கின் சுவரை ஒட்டி இருந்தது. உப்புப் போட்ட தோலின் வாடை காற்று அசையாத நாளில் அங்கே சுவர்போல நிற்கும். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாதம் அங்கே உட்கார்ந்ததில் ஆஸ்பத்திரியில் சேரவேண்டி வந்தது. முதலாளிக்கு அது மறந்துபோயிருந்தது. அவளும் நினைவுபடுத்தவில்லை. "சரி பாய்," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குத் தொழிற்சாலை நின்றுவிடும். தோல் உருளுகிற டிரம்கள் ஓய்ந்து, ஆபீஸ் காலியாகி, அந்த மத்தியானம் மட்டும் மின்விசிறிச் சத்தம் காதில் விழும். வருஷக்கணக்காக அது அவளுடைய தூக்க நேரம். சாப்பிட்டுவிட்டு மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொள்வாள். அந்தத் தூக்கத்தைத்தான் இப்போது விட்டாள்.

நயீம் சொன்ன டேபிளை முயன்று பார்த்தாள். ஒரு கோட்டை இழுத்தால் நாலு கோடு கூடவே வந்தது. போதும் சாமி என்று அழித்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஸ்பேஸ் பாருக்கே திரும்பினாள். வெறும் வெள்ளைத் தாளில் அடிப்பாள். செல்லாமல் திரும்பி வந்த பச்சைத் தாளை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வெயிலுக்கு எதிரே அழுத்திப் பிடிப்பாள். எடை கோட்டைத் தாண்டி நிற்கும். மறுபடி உட்கார்ந்து இரண்டு தட்டு குறைப்பாள். மறுபடி ஜன்னல். தோள் வலிக்கும், கண்ணில் நீர் கோர்க்கும். தொழுகை முடிந்து ஹமீது பாய் திரும்பும்போதும் அவள் ஜன்னலில் கையைத் தூக்கியபடியே நிற்பாள்.

"இன்னாம்மா, ஜன்னலுக்குப் போஸ்டர் ஒட்றியா?"

"ஆமா பாய். என் மூஞ்ச ஒட்றேன்."

கஷ்டம் கற்பதில் இல்லை, மறப்பதில் இருந்தது. பழைய கணக்கு கட்டைவிரலை விட்டுப் போகமாட்டேன் என்றது. கொஞ்சம் அசந்தால் விரல் பழைய எண்ணிக்கையைத் தட்டிவிட்டு நின்றது. பஸ்ஸில் வரும்போது கைப்பைமேல் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே வருவாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஜெபம் என்று நினைத்திருக்கலாம்.

மழைக்காலம் முடிகிறவரை இப்படியே போயிற்று. ஒவ்வொரு மாதிரியாக வழிக்கு வந்தது. சென்னை ஆபீசிலிருந்து அதற்குப் பிறகு எதுவும் திரும்பவில்லை. ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் பழுப்புத் திரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். ஆர்டர் வந்தது. டைம் ஆபீஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பிரிஸ்கில்லா ஒரு வெள்ளிக்கிழமை பழையபடி மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கினாள். அப்படி ஒரு தூக்கம் அவள் வீட்டிலும் தூங்கியதில்லை.

அடுத்த வாரமே ஆபீசில் புது அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. முதலாளி அவள் மேஜைக்குச் சிரித்துக்கொண்டே வந்தார். பின்னால் நயீம் சிடியோடு நின்றான்.

"பிரிஸ்கில்லாம்மா, நீங்க ரொம்ப கஷ்டப்பட்டீங்க, நான் கவனிச்சேன். அதான் ஆர்டர் வந்ததும் எல்லாருக்கும் ஒரிஜினல் விண்டோசே வாங்கிட்டேன். முதல்ல உங்களுக்குத்தான் போடச் சொல்லியிருக்கேன்."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. நல்லது செய்தவனின் சந்தோஷம் அப்படியே தெரிந்தது. பிரிஸ்கில்லா மேஜையைப் பார்த்தாள். "சரி பாய்" நாக்குவரை வந்துவிட்டது. தோள்பட்டையில் வலி எடுத்தது.

"வேணாம் பாய்," என்றாள்.

ஹமீது பாய் பேனாவைக் கீழே வைத்தார். அந்த ஆபீசில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை.

முதலாளிக்கு விளங்கவில்லை. "புதுசு இல்லம்மா. உங்களுக்குத் தெரிஞ்ச பழசுதான்."

"தெரிஞ்சதுதான் பாய். மறந்துட்டேன்." அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "மறக்கறதுக்கு ரொம்ப கஷ்டப்பட்டேன். இன்னொரு தடவை முடியாது. என்னோடத மட்டும் விட்டுடுங்க. இல்லன்னா டைம் ஆபீசுக்கே போறேன், மூச்சு நின்னா நிக்கட்டும்."

அப்போதுதான் அவருக்கு அந்தப் பழைய ஆஸ்பத்திரி நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பு மறைந்தது. நயீம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

"சரிம்மா," என்றார்.

அவர்கள் அடுத்த மேஜைக்குப் போனார்கள். பிரிஸ்கில்லா பழுப்புத் திரையின் பக்கம் திரும்பினாள். அதை அவளுக்கு அன்றும் பிடிக்கவில்லை. பச்சைத் தாளைப் பிரிண்டரில் சொருகிவிட்டு, எடை எழுதவேண்டிய கட்டத்துக்குக் கட்டைவிரலால் தட்ட ஆரம்பித்தாள்.