அக்கா போகாத நேர்முகத் தேர்வு

அக்காவைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் அத்தான் என்னைத்தான் எழுதச் சொன்னார். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கோத்தா திங்கிக்கு அருகே எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அம்மா சீக்கிரமே போய்விட்டார். அப்பா குலை வெட்டப் போனபின் அக்கா சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவார். பட்டம் முடித்து ஸ்கூடாயில் ஆசிரியரானார். நான் லாரி, கப்பல் பட்டறை, மீன்படகு என்று அலைந்தேன்.

இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு முழுச் செலவையும் ஏற்கும் உதவித்தொகை ஒன்றுக்கு அக்கா மூன்று வருடம் விண்ணப்பித்தார். பள்ளி முடிந்து வந்து கட்டுரை எழுதுவார், கிழிப்பார், மறுபடி எழுதுவார். மூன்றாம் முறைதான் கோலாலம்பூருக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். வயது வரம்புப்படி அதுவே கடைசி வாய்ப்பு.

தேர்வுக்கு முதல் நாள் அப்பா இறந்தார். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் நான். கிளந்தான் பக்கம் கடலில் இருந்தேன். மூன்றாம் நாள்தான் வீடு வந்தேன். தேர்வு முடிந்திருந்தது.

"வாங்க தொரை. அப்பா ஐஸ் பெட்டியில உங்களுக்காகத்தான் படுத்திருக்காரு," என்றார் அக்கா. "போய்க் குளி. மீன் நாத்தம் தாங்கல."

தேர்வைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. சாவு வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்று, முன்னின்று எல்லாம் செய்த மாமாதான் தடுத்திருப்பார் என நானே முடிவு கட்டினேன். அதன்பின் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

சிறுநீரக நோயில் அக்கா இரண்டு வருடம் படுத்திருந்து இறந்துபோனார். போன மாதம் காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு மாமாவிடம் கேட்டேவிட்டேன்.

"நானா தடுத்தேன்? நீ பஸ் ஏறு புள்ள, கொள்ளிய நான் வைக்கிறேன்னு சொன்னேன் லா. கேக்கல."

"ஏனாம்?"

"'நான் போனா நீங்க கொள்ளி வச்சிடுவீங்க. அவன் வந்து அப்பா எங்கன்னா சாம்பலைக் காட்டுறதா மாமா? அப்புறம் அவன் இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டான்'னுச்சு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு."

அக்கா சொன்னது சரிதான். வந்திருக்க மாட்டேன்.

கடைசிவரை பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், மருத்துவமனைக்குக் கார் ஓட்டிய பள்ளி ஆசிரியர்களுக்கும் நன்றி. மாமா, உங்களுக்கும் நன்றி, என்னை மன்னித்துவிடுங்கள். அக்காவுக்கு நன்றி சொல்ல, அவர் இருந்தபோது எனக்கு விஷயம் தெரியாது.