கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம்

சிறுநீரகக் கல் வலிக்கு ஆஸ்பத்திரியில் போட்ட பெத்தடின் ஊசி, வலி போன பிறகும் அண்ணனை விடவில்லை. தி. நகரில் எங்கள் ஜவுளிக்கடை. புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பவன் பாதியில் எழுந்து போவான்; முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி, கண் செருகத் திரும்பி வருவான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம்.

மயிலாப்பூர் டாக்டர் ஒருவர்தான் கைகொடுத்தார். ஊசிக்குப் பதிலாக அபின் கலந்த மருந்து. தினமும் காலையில் கிளினிக்குக்குப் போய், கம்பவுண்டர் கண்முன்னால் குடிக்க வேண்டும். அளவை டாக்டர் மெல்ல மெல்லக் குறைத்து வருவார்.

"இன்னா நைனா, மூஞ்சி மாப்ள கணக்கா கீது?" என்பார் கம்பவுண்டர்.

"பொண்ணு பாரும், தாலியோட வாரேன்," என்பான் அண்ணன்.

சிரித்தான். சாப்பிட்டான். மறுபடி கை நடுங்காமல் துணி கிழித்தான். அந்தச் சர்ரென்ற சத்தம் எனக்குப் போதுமாயிருந்தது.

மருந்திலும் அபின்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. "பாட்டில மாத்துனா ஆச்சா? அதையேதானய்யா குடிக்கே," என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை அவனைக் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கற்பூரம் ஏற்றினாள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை.

"ஊசியும் தொடமாட்டேன், மருந்தும் தொடமாட்டேன்னு அடிய்யா."

அடித்தான்.

வாந்தியும் வியர்வையுமாகச் சுருண்டு கிடந்து, பிறகு மெலிந்து எழுந்தான். அம்மா தெருவெல்லாம் சொன்னாள். டாக்டர் மட்டும் என்னை வழியில் நிறுத்தினார். "மருந்துக்கு வரச்சொல்லுப்பா. பழைய அளவைத் தாங்குற பழக்கம் உடம்புக்கு விட்டுப்போச்சு. ஆசைல ஒரு தடவை பழைய அளவு ஊசி போட்டான்னா, மூச்சு நின்னுடும்."

சொன்னேன். அண்ணன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "அம்மைக்குச் சத்தியம் பண்ணிருக்கேம்ல," என்றான்.

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம், கடை மாடியில் துணிக்கட்டுகளுக்கு நடுவே கிடந்தான். பக்கத்தில் ஊசி. எத்தனை நாள் தனியாகப் போராடினானோ. மருந்து கேட்கக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டது அந்தச் சத்தியம்.

"சத்தியத்த மீறிட்டான், சாமி எடுத்துக்கிட்டாரு," என்று வந்தவர்களிடமெல்லாம் அம்மா அழுதாள். டாக்டரிடமும் அதையே சொன்னாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் எதிரே அப்படியே தரையில் உட்கார்ந்தார்.