முத்துக்குமாரர் எழுதிய பெயர்

முத்துக்குமாரர் அந்தக் கடுதாசியில் என் பெயரைத் தவறுதலாகப் போட்டாரா, தெரிந்துகொண்டுதான் போட்டாரா? பத்து வருடங்களாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. எனக்கு விடை தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆளும் சென்ற மாதம் இறந்துவிட்டார்.

செய்தி சங்கக்கடை வரிசையில் வந்தது. மண்ணெண்ணெய்க்கு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கந்தோரில் தட்டச்சு வேலை பார்த்த ஞானம் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் தள்ளி நின்றிருக்கிறார். என்னைக் கண்டதும் போத்தலைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்து, “எங்கடை கிளாக்கர் மோசம் போயிட்டார், மிஸ். பின்னேரம் எடுக்கினமாம்” என்றார். வரிசையை விட்டுவிட்டுப் போவதா என்று இருவரும் ஒரு கணம் யோசித்தோம். முத்துக்குமாரரிடம் கேட்டிருந்தால் எண்ணெயை வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருப்பார். வாங்கிக்கொண்டுதான் போனோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வெளியிடும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய மகள் கேட்டார். இதை வாசிக்கப்போகிறவர்களில் பலர் அவரை அவருடைய ஊர்க் கோயில் நிர்வாகத்தில் அறிந்தவர்கள். நான் அறிந்தது கந்தோர் முத்துக்குமாரரை மட்டும். ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் கந்தோர் யாழ்ப்பாண நகரத்துச் சட்ட அலுவலகங்களில் பெரியது. நான் சேர்ந்தபோது பதினொரு சட்டத்தரணிகள் இருந்தார்கள். அவர்களில் மூவர் பெண்கள். கந்தோரின் தலைவரை எல்லோரும் பெரிய ஐயா என்பார்கள். ஆனால் வழக்குக்காரர் முதலில் வந்து நிற்பது பெரிய ஐயாவின் முன்னால் அல்ல, வாசலருகே தலைமைக் கிளாக்கர் முத்துக்குமாரரின் மேசைக்கு முன்னால். எந்த வழக்கு எந்தச் சட்டத்தரணிக்குப் போகிறது என்பதை அவர்தான் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் ஒவ்வொரு நாளும் சோக்கால் எழுதுவார். ஆண்களுக்கு முதலெழுத்துகளோடு முழுப்பெயர். பெண்கள் மூவருக்கும் ஒரே சொல்: ‘மிஸ்’. எந்த மிஸ் என்று எழுதுவதில்லை. ஏனென்றால் அது முக்கியமில்லை. நாங்கள் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதினோம், மனைவி பிள்ளைகளுக்குப் பணம் கேட்கும் தாபரிப்பு மனுக்கள் எழுதினோம், காணி வழக்குகளுக்கு வழக்குரை எழுதினோம். நீதிமன்றத்தில் எழுந்து பேசியவர்கள் ஆண்கள். நாங்கள் கூடப் போனால் பின்னால் இருந்து தாள்களை எடுத்துக் கொடுத்தோம்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவள் நான். பல்கலைக்கழகப் பட்டமும் பன்னிரண்டு வருட அனுபவமும் இருந்தன. முத்துக்குமாரர் என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, “எல்லாம் நல்லாயிருக்கு. உறுதி எழுதுவியள்தானே?” என்று கேட்டார். எழுதுவேன் என்றேன்.

அவரைப் பெண்களின் உரிமைக்காக நின்றவர் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. அப்படி ஒரு பேச்சை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. “நீங்கள் கோட்டுக்கு வந்தால் எனக்குத்தான் கரைச்சல். இருக்க ஒரு கதிரை தேடவேணும்” என்று எங்களுக்கே சொல்லியிருக்கிறார். அவருக்கு இருந்த ஒரே பிடிவாதம் பெயர்களில். “முதலெழுத்து ஒண்டு மாறினால் காணி மற்றவனுக்குப் போயிடும்” என்பது அவர் அடிக்கடி சொல்வது. தட்டச்சான ஒவ்வொரு தாளிலும் பெயர்களை விரல் வைத்து மூன்று தடவை வாசிப்பார். ஞானம் முதுகுக்குப் பின்னால் அவருக்குச் ‘சகஸ்ரநாமம்’ என்று பட்டம் வைத்திருந்தார். அது அவருக்கும் தெரியும்.

நாகேஸ்வரி மீசாலையிலிருந்து வந்த பெண். கணவர் இறந்து ஒரு வருடம். கணவரின் தமையன், கிணற்றுக்குப் போகும் வழியில் கதியால் நட்டு வேலி அடைத்துவிட்டார். காணி உறுதியில் நாகேஸ்வரிக்குக் கிணற்றில் பாதிப் பங்கும் வழியுரிமையும் இருந்தன. ஆனால் நான்கு மாதமாக இரண்டு ஒழுங்கை தாண்டிப் போய்த் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். முத்துக்குமாரர் அவரை என்னிடம் அனுப்பினார். நாகேஸ்வரி என்னைப் பார்த்துவிட்டு, திரும்பவும் அவரிடமே போனார்.

“உவ பொம்பிளை எல்லே? என்ரை மனிசன்ரை தமையன் பெரிய அப்புக்காத்தரைப் பிடிச்சிருக்கிறார். எனக்கும் ஒரு ஆம்பிளை அப்புக்காத்தரைத் தாங்கோ.”

“வேலியை அடைச்சதும் ஆம்பிளைதானே, பிள்ளை” என்றார் முத்துக்குமாரர். “முதல் போய் அவவுக்கு விசயத்தைச் சொல்லுங்கோ. கோட்டிலை கதைக்கிறது ஆர் எண்டு பிறகு பாப்பம்.”

நான் மீசாலைக்குப் போய் அந்த வழியை நடந்து பார்த்தேன். வேலியைச் சுற்றிக்கொண்டு அடுத்த வளவால் போய்க் கிணற்றையும் பார்த்தேன். தண்ணீர் அள்ளிக் குடித்தேன். திரும்பி வந்து வழக்குரையும், வழியைத் திறந்துவிடும்படி கேட்கும் இடைக்கால மனுவும் எழுதினேன்.

ஒரு வழக்குக்காரர் தன் சார்பில் நடக்கச் சட்டத்தரணியை நியமிக்கும் கடுதாசியை நாங்கள் புறொக்சி என்போம். அதில் பெயர் உள்ளவர்தான் அந்த வழக்கின் சட்டத்தரணி. வேறொருவர் எழுந்து பேசுவதானால், புறொக்சியில் உள்ளவரின் அறிவுறுத்தலில் பேசுவதாக நீதிமன்றத்துக்குச் சொல்லவேண்டும். எங்கள் கந்தோரின் புறொக்சிகள் அச்சடித்தவை. ஆண்கள் எட்டுப் பேரின் பெயர்களும் அதில் வரிசையாக இருக்கும். பெண்களின் பெயர்கள் இல்லை. அந்தக் கிழமை அச்சுத் தாள்கள் முடிந்துபோயின. ஊரடங்குச் சட்டத்தால் அச்சகம் பூட்டிக் கிடந்தது. முத்துக்குமாரர் தாமே ஒரு படிவம் எழுதி ஞானத்திடம் தட்டச்சுக்குக் கொடுத்தார். நாகேஸ்வரி அதில் கையெழுத்து வைத்தார்.

பிறகு அவர் அந்தத் தாள்களை என் மேசைக்குக் கொண்டுவந்து கையெழுத்திடும் இடங்களில் விரலை வைத்தார். புறொக்சியில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது என்னுடையது.

நான் அதைக் கண்டேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கண்டேன், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டேன். அவர் தாள்களைக் கட்டிக்கொண்டு போய்ச் சாவகச்சேரி நீதிமன்றத்தில் பதிந்துவிட்டார்.

ஒரு கிழமை கழித்து, மனு விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம், பெரிய ஐயா நாகேஸ்வரியின் வழக்குக் கோவையைத் திறந்து பார்த்தார். மறுநாள், கந்தோர்ச் சட்டத்தரணிகளில் ஒருவரான அவருடைய மருமகன் அந்த வழக்கில் தோன்றுவதாக இருந்தது. எல்லோரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்.

“முப்பது வருசமா உந்தக் கதிரையிலை இருக்கிறீர். ஒரு பெயர் பாத்துப் போடத் தெரியேல்லையோ? கண் தெரியாட்டி வீட்டிலை இரும்.”

முத்துக்குமாரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “பிழைதான், ஐயா. என்ரை பிழை.”

“என்ரை மருமகன் எழும்பி, இந்த மிஸ் சொல்லித்தான் கதைக்கிறன் எண்டு கோட்டுக்குச் சொல்லவேணுமோ? நாளைக்கு அந்த மனிசியிட்டை ரத்துக் கடுதாசியிலை கையெழுத்து வாங்கும். புதுப் புறொக்சியிலை மருமகன்ரை பெயரைப் போடும்.”

“ஓம், ஐயா.”

ஒன்பது சட்டத்தரணிகளுக்கும் ஞானத்துக்கும் முன்னால் இது நடந்தது. நான் மூன்றாவது கதிரையில் இருந்தேன். நானும் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் பழி பாதியாகியிருக்கும். சொல்லவில்லை. சொன்னால் அந்த வழக்கு மட்டுமல்ல, கந்தோரே எனக்கு இல்லாமல் போகும் என்று பயந்தேன். அவர் என் பக்கம் திரும்பவும் இல்லை.

அது கைப்பிழையாக இருக்கலாம். அடுத்த வருடம் அவருக்குக் கண்ணில் வெண்புரை என்று சத்திரசிகிச்சை நடந்தது. அன்று கந்தோரில் இருந்த சட்டத்தரணிகளில் வழக்கை வாசித்திருந்தவள் நான் ஒருத்தி என்பதால், யோசிக்காமல் என் பெயரைப் போட்டிருக்கலாம். ஆனால் பெயர்களை மூன்று தடவை வாசிப்பவர் அவர். ஞானத்தைப் பிற்பாடு கேட்டேன். எழுதித் தந்ததைத்தான் அடித்தேன் என்றார்.

அவரிடமே ஒரு முறை கேட்டிருக்கிறேன். போரால் நீதிமன்றங்கள் மூடப்பட்டு, கந்தோரும் பூட்டிய பிறகு, அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது. சாய்மனைக் கதிரையில் இருந்து பழைய பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டு முடிக்குமுன்பே, “அது முடிஞ்ச வழக்கு, மிஸ். தேத்தண்ணி குடியுங்கோ” என்றார். அப்போதும் நான் என் பக்கத்தைச் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

அந்த வழக்குக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கு மனமில்லை. அடுத்து அச்சடித்த புறொக்சியில் எங்கள் மூவரின் பெயர்களும் அடியில் வந்தன. அதற்குள் ஆண்களில் மூன்று பேர் லண்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்டிருந்தார்கள். பெரிய ஐயாவின் மருமகனும் அவர்களில் ஒருவர். கதிரைகள் வெறுமையானதால் நாங்கள் முன்னால் வந்தோம் என்றால் அதில் பாதிக்கு மேல் உண்மை. ஆனால் கதிரை வெறுமையாகுமுன் ஒரு நாள் நான் எழுந்து நின்றேன். அந்த ஒரு நாளுக்கு முத்துக்குமாரர் காரணம். அவர் அதை விரும்பினாரோ இல்லையோ, அதற்கான ஏச்சை அவர் வாங்கினார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு தாள். அந்த ரத்துக் கடுதாசி. ஞானம் அடித்தது, முத்துக்குமாரர் விரல் வைத்து வாசித்தது. பிழை ஒன்றும் இல்லை. கீழே கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. அது ஏன் வெறுமையாக இருக்கிறது என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே அவர் ஏச்சு வாங்கியதற்கு மறுநாள் நடந்ததை எழுதி இதை முடிக்கிறேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் நானும் முத்துக்குமாரரும் சாவகச்சேரிக்குப் போனோம். நீதிமன்றத்தில் சட்டத்தரணிகளுக்கு ஒரு கழிப்பறைதான் இருந்தது. அது ஆண்களுடையது. பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்போம். பஸ்ஸால் இறங்கியதும் அவர் எதிரேயிருந்த ஒரு வீட்டைக் காட்டி, “அது பென்சன் எடுத்த ரீச்சர் ஒராளின்ரை வீடு. சொல்லியிருக்கிறன். படலை கொழுவியிருக்காது” என்றார். போனேன். படலை திறந்திருந்தது. ரீச்சர் துவாயும் சவுக்காரமும் எடுத்து வைத்திருந்தார். “உங்கடை கிளாக்கர் போன கிழமையே வந்து சொல்லிப்போட்டுப் போனவர்” என்றார். போன கிழமை என்றால் புறொக்சி பதிந்த கிழமை. ஆனால் ரீச்சருக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது. என் பெயரை அன்று இரண்டு தடவை கேட்டார். அவர் சொன்ன கிழமையை நான் சாட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நாகேஸ்வரி நீதிமன்ற வேப்பமரத்தின் கீழ் நின்றார். பெரிய ஐயாவின் மருமகன் காரில் வந்து இறங்கினார். முத்துக்குமாரர் ரத்துக் கடுதாசியையும் பேனையையும் நாகேஸ்வரியிடம் கொடுத்தார்.

“இதிலை கையெழுத்து வைச்சால் வழக்கு இந்த ஐயாவின்ரை. வைக்காட்டி மிஸ்ஸின்ரை. ஆரெண்டு நான் சொல்லமாட்டன், பிள்ளை.”

நாகேஸ்வரி பேனையைத் திறந்தார். பிறகு மருமகனைப் பார்த்து, “ஐயா, எங்கடை கிணறு வேலிக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

அவர் கோவையைத் திறந்து தாள்களைப் புரட்டினார். வழக்கை இன்னொரு நாளுக்குத் தள்ளி, ஒரு தவணை எடுத்துக்கொண்டு ஆறுதலாகப் பார்ப்போம் என்றார்.

“நாலு மாதமா நான் தவணையிலைதான் தண்ணி சுமக்கிறன்” என்றார் நாகேஸ்வரி. பேனையை மூடி முத்துக்குமாரரிடம் கொடுத்தார். “இவ வந்து தண்ணி அள்ளிக் குடிச்சிட்டுப் போனவ. இவவே கதைக்கட்டும்.”

முத்துக்குமாரர் கடுதாசியை நான்காக மடித்து என் கோவைக்குள் வைத்தார்.

நான் எழுந்து பேசினேன். முதல் இரண்டு வசனங்கள் நீதிபதிக்குக் கேட்கவில்லை. உரத்துப் பேசச் சொன்னார். உரத்துப் பேசினேன். எதிர்த்தரப்பு அப்புக்காத்தர் முக்கால் மணி நேரம் பேசினார். வழக்கு முடியும்வரை ஒருவர் குடத்தோடு போகக்கூடிய அகலத்துக்கு வேலியைத் திறந்துவிடும்படி நீதிபதி கட்டளையிட்டார். மருமகன் அதற்குள் காரில் திரும்பிவிட்டார்.

பின்னேரம் கந்தோருக்கு வந்தோம். பெரிய ஐயா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். முத்துக்குமாரர் சோக்கை எடுத்து, அடுத்த தவணையைக் கரும்பலகையில் எழுதினார். நாகேஸ்வரியின் வழக்குக்கு நேரே என் பெயரை முதலெழுத்துகளோடு முழுதாக எழுதினார். விரல் வைத்து மூன்று தடவை வாசித்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“பாருங்கோ மிஸ். பிழை இருந்தால் இப்பவே சொல்லுங்கோ.”

பார்த்தேன். பிழை இல்லை என்று சொன்னேன்.