எட்டுப் பாட்டில் தண்ணீர்

அந்த எட்டுப் பாட்டில்களிலும் நான் வெள்ளநீரைப் பிடிக்கவில்லை. பிடித்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கொடிமலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடை, மண்ணிலும் சருகிலும் உள்ள கரிமத்தை எவ்வளவு கடலுக்குக் கொண்டுபோகிறது என்று அளப்பதுதான் எங்கள் ஆய்வு. சாதாரண நாளில் கொஞ்சம்தான் போகும். பெருமழை கொட்டும் சில மணி நேரத்தில்தான் பெரும்பங்கு அடித்துக்கொண்டு போகும். ஆகவே, மழை பிடித்தால் மணிக்கொரு பாட்டில் பிடித்தாக வேண்டும்.

அந்த மழையன்று என் முறை. நானோ கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் தோழியின் நிச்சயதார்த்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பாலத்தைக் கடந்து ஓடைக்குப் போயிருக்கலாம்... போகவில்லை! பட்டுப்புடவை நனையுமே என்று யோசித்தேன். சீ!

மறுநாள் காலை ஓடை வடிந்திருந்தது. ஒரே இடத்தில் குனிந்து எட்டையும் நிரப்பி, முந்தின நாளின் மணிக்கணக்கை எழுதி ஒட்டினேன். ஆய்வகத்தில் கரிமம் மிகக் குறைவு என்று வந்தது. பேராசிரியர் வியந்துபோனார். வெள்ளத்திலும் மாறாத ஓடை என்று கட்டுரைக்குத் தலைப்பே யோசிக்கத் தொடங்கினார்.

அடுத்த பெருமழைக்குச் செல்வி அக்கா போனார். ஆய்வக உதவியாளர், ஒப்பந்த வேலை. முழங்கால் நீரில் நின்று பிடித்துவந்தார். அவருடைய அளவு என்னுடையதைப் போலப் பல மடங்கு! பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை என்று பேராசிரியர் கடிந்துகொண்டார்.

"நல்லாத்தான் கழுவுனேன் லா, சார்! தங்கச்சி, நீ சொல்லு. நீ பக்கத்துலதானே இருந்தே?"

இருந்தேன். மூன்று முறை அலசியதைப் பார்த்தேன்... சொன்னேனா? "நான் சரியா கவனிக்கல" என்றேன். அவர் அளவுகளைத் தூக்கிப் போட்டார்கள். ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பட்டம் போய்விடும் என்று பயந்தேன். பட்டம் வந்தது. பிறகும் ஏன் சொல்லவில்லை? எதற்குப் பயந்தேன்? எனக்கே தெரியவில்லை...

போன மாதம் பாயான் பாருவில் அக்காவைப் பார்த்தேன். தொழிற்சாலைச் சீருடையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார் சொன்னது சரிதான் போல, தங்கச்சி. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். எங்கயோ கை தப்பிருச்சு. உன் ஆராய்ச்சிக்குத் தொல்லை குடுத்துட்டேன் லா."

அப்போதுகூட ஒரு வாக்கியம் போதும்... பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.

"பரவால்லக்கா, யாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன்.

கேட்டீர்களா? நான் அவரை மன்னித்தேன்! அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு நன்றி சொன்னார்.